ஒரு வருஷப் பயணத்துக்கு ஏழு நாள் ஒத்திகை

எழில்மதி விஷயத்தைப் போட்டு உடைத்தபோது அவள் அம்மா சாலம்மாள் வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷம்மா. தமிழ்நாடு பூரா சுத்தப்போறன். பஸ்ஸுக்கு ஒத்தப் பைசா செலவு கெடையாது."

சாலம்மாள் நிமிரவில்லை. "யாரு கூட?"

"யாரு கூடயும் இல்ல. நான் மட்டும்."

"அப்ப பரவால்ல. எவன் கூடயாவது ஓடப்போறியோன்னு பயந்துட்டன். இது வெறும் பைத்தியம்தான்."

பைத்தியம் ஒன்றும் நேற்றுப் பிடித்ததில்லை. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர்கள் ஊர். அங்கிருந்து கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்கு இரண்டு வருஷமாக வேலைக்குப் போய்வருகிறாள். முதல் மாடி, பட்டுப் பிரிவு. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை மூடும்போதுதான் கால் மடங்கும். சம்பளம் எட்டாயிரம். ஐயாயிரம் அம்மா கைக்குப் போய்விடும். மிச்சத்தில் ஊர் சுற்றுவது என்றால் சங்கராபுரம் வரைக்கும் சுற்றலாம். திரும்பி வரும்போது டீ குடிக்க முடியாது.

ஆனால் முன்பக்கம் பிங்க் பெயிண்ட் அடித்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. தினமும் அவள் போய்வருவது அதில்தான். ஒருநாள் தியாகதுருகத்தில் பஸ் நின்றபோது எதிரே இன்னொரு பிங்க் பஸ் வேறு ஊர் போர்டைப் போட்டுக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இது முடிகிற இடத்தில் அது ஆரம்பிக்கிறது, அது முடிகிற இடத்தில் இன்னொன்று. இப்படியே தாவித் தாவிப் போனால் கன்னியாகுமரியில் கடல் வந்துதானே நிறுத்தணும்?

அன்றிலிருந்து சேலை எடுக்க வருகிற பெண்களை விடமாட்டாள். பட்டைப் பிரித்துப் போட்டபடியே விசாரிப்பாள். "எந்த ஊருக்கா? எந்த பஸ்ல வந்தீங்க? அங்கேருந்து அப்பால எங்க டவுன் பஸ்ஸு போவுது?" பாவம், பொண்ணு எவ்வளவு பாசமாகக் கேட்கிறது என்று கூட ஒரு சேலை எடுத்தவர்களும் உண்டு. சேலை மடிப்புக்குள் வைக்கிற அட்டைகளின் பின்பக்கத்தில் ரூட்டை வரைந்து வைத்தாள். பதினேழு அட்டை சேர்ந்துவிட்டது. டவுன் பஸ் இல்லாத இடங்களில் நடப்பதற்குப் புள்ளிக்கோடு.

"தூங்கறது?" என்றாள் சாலம்மாள்.

"கோயிலு, மண்டபம், தெரிஞ்சவங்க வூடு."

"திங்கறது?"

"போற எடத்துல எதுனா வேல செஞ்சி சாப்புடுவன். ஓசியிலயா கேக்கப்போறன்?"

"பஸ்ஸே ஓசிதானடி!"

அண்ணன் கலையரசன் துண்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தான். மண்டியில் மூட்டை தூக்குகிறவன். மக்காச்சோள வரத்து இன்னும் ஆரம்பிக்காததால் இரண்டு வாரமாக வீட்டில்தான் இருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"ரெண்டாம் நாளே 'அண்ணா வந்து கூட்டிக்கினு போண்ணா'ன்னு போன் வரும்மா. எழுதி வச்சிக்க."

சாலம்மாளுக்கு உண்மையில் கவலை வேறு. ஜவுளிக்கடைக்காரர்கள் சின்னசேலத்தில் புதுக் கிளை திறக்கிறார்கள். பட்டுப் பிரிவு சூப்பர்வைசர் சிவசங்கர், எழில்மதியை அங்கே பில் போடுகிற சீட்டுக்குக் கேட்டிருந்தார். இரண்டாயிரம் ஜாஸ்தி. உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனால் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லணும். எழில்மதிக்கு அந்த மூன்று வருஷம்தான் தொண்டையில் நின்றது. உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் சாலம்மாள் கருவாட்டுக் கையோடு தீர்ப்புச் சொன்னாள்.

"கடையில ஒரு வாரம் லீவு சொல்லு. ஏழு நாளு நம்ம ஜில்லாவுல, மலையில, எங்கனா சுத்திக்க. வூட்டுக்கு வரக்கூடாது. போன் போட்டு காசு கேக்கக்கூடாது. ஒருத்தர்கிட்டயும் கை நீட்டக்கூடாது. முழுசா நின்னுட்டு வந்தின்னா ஒரு வருஷம் இன்னா, ஒம்போது வருஷம் போ. நடுவுல கவுந்தின்னா திங்கக்கெழம சின்னசேலம். அண்ணன் கூட வருவான். அவன்தான் அம்பயரு."

"நானா?" என்றான் கலையரசன்.

"சும்மாதான இருக்கற?"

திங்கட்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். எழில்மதியிடம் ஒரு தோள்பை, இரண்டு மாற்றுத்துணி, பதினேழு அட்டை. கலையரசன் சட்டைப் பையில் ஆயிரம் ரூபாய். தெரிகிற மாதிரி வைத்திருந்தான். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் பஸ் ஏறியதும் கண்டக்டர் எழில்மதிக்கு ஃப்ரீ டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணனுக்கு எங்க?"

"அவளுக்கு எங்கியோ அங்கதான். நான் அம்பயரு."

"அம்பயருக்கெல்லாம் ஃப்ரீ கெடையாதுப்பா. காசு எடு."

கலையரசன் எடுத்தான். "மீச வச்சதுக்கு ஃபைன் போடறானுங்க," என்று ஜன்னல் பக்கம் முனகினான். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கூட்டமாகத் திரும்பிப் பார்த்து, அந்த மீசைக்கு இது ஜாஸ்தி என்கிற மாதிரி மறுபடி திரும்பிக்கொண்டார்கள்.

முதல் நாள் எழில்மதிக்கு நன்றாக அடி விழுந்தது. கோமுகி அணையில் இறங்கி, அங்கிருந்த மீன் வறுவல் கடையில் பாத்திரம் கழுவித் தருவதாகக் கேட்டாள். கடைக்காரர் ஈ ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "திங்கக்கெழம யாரு மீனு திங்கறா? நானே சும்மா குந்தினு இருக்கறன். வேணும்னா ரெண்டு பேரும் சேந்து ஈ ஓட்டலாம்." டீக்கடையில் கேட்டாள், பேப்பர் கப்புதான் என்றார்கள். பூங்காவில் பெருக்கட்டுமா என்று கேட்டாள். அதற்கு ஆள் இருக்கிறது, அந்த ஆளுக்குச் சம்பளம் வரத்தான் மூன்று மாசம் ஆகிறது என்றார்கள்.

மத்தியானம் கலையரசன் அவள் எதிரிலேயே மீன் வாங்கிச் சாப்பிட்டான்.

"வெரலு மீனுதான், ஆனா மொறுமொறுன்னு இருக்குது. வெங்காயம் வேற குடுத்தான்."

"முள்ளு மாட்டிக்கும்."

"சாபம் வுடறது கை நீட்டறதுல வருமா வராதான்னு யோசிக்கறன்," என்றான் அம்பயர்.

அவள் குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். நாலு மணிக்கு வெள்ளிமலை போகிற பிங்க் பஸ் வந்தது. ஏறினாள். திரும்பிக் கீழே போகிற பஸ்ஸும் எதிரே நின்றதை அவள் பார்த்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மலைப்பாதை ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் உடம்போடு ஸ்டியரிங்கைச் சுற்றினார். நாலாவது வளைவில் கீழே அணைத்தண்ணீர் மயில்கழுத்துக் கலரில் கிடந்தது. அந்தக் கலரில் நூறு சேலை விற்றிருக்கிறாள். அசலை அன்றைக்குத்தான் பார்த்தாள். பசி கொஞ்ச நேரம் மறந்தது.

பக்கத்தில் நின்ற அம்மாளின் கையில் இரண்டு பெரிய பைகள். இரண்டிலும் அவள் கடையின் பேர். பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, பையக் குடுங்க, மடியில வச்சிக்கறன். மூர்த்தமா? யாருக்கு?"

அந்த அம்மாள் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏய், நீ மாடியில நிக்கற பொண்ணு இல்ல? எங்க பஸ்ஸப் பத்தி அத்தன கேள்வி கேட்டியே!"

பேர் பூமாலை. வெள்ளிமலைக்கு மேலே ஊர். மகள் தனுஷாவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். சேலை எல்லாம் போன மாசமே எடுத்தாகிவிட்டது. இன்றைக்கு விட்டுப்போன ஜாக்கெட் துணியும் பூஜை சாமானும். இப்போது ஒரே ஒரு தலைவலி. கொசுவம் வைத்து, அயர்ன் பண்ணி, பின் குத்திப் பெட்டி மாதிரி மடித்த சேலைதான் வேண்டும் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். கீழேயிருந்து பியூட்டி பார்லர்காரியைக் கூப்பிட்டால் மலைக்கு ஒரு ரேட், ஜீப்புக்கு ஒரு ரேட், காத்தடித்தால் ஒரு ரேட் என்கிறாள்.

"நான் மடிச்சித் தர்றன்க்கா," என்றாள் எழில்மதி. "எத்தன சேல?"

"பொண்ணுக்கு நாலு. எங்களுக்கும் சேத்தா இருவது ஆவும்."

"மூணு வேள சோறு போட்டு, படுக்க எடம் குடுங்க. போதும்."

கலையரசன் பின்சீட்டிலிருந்து எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். பிறகு சொன்னான்: "வேலைக்கு சோறு. செல்லும்."

"இவரு யாரு?" என்றாள் பூமாலை.

"எங்கண்ணன்க்கா. அம்பயரு."

கல்யாண வீட்டில் யாரும் இதற்குமேல் விவரம் கேட்பதில்லை. வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே ஜீப் நின்றுவிடும். மிச்சம் ஏற்றம். செவ்வாய்க்கிழமை அரிசி வந்து இறங்கியதும் மாப்பிள்ளை மாதிரிச் சட்டை போட்ட நாலு பையன்கள் மூட்டையைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கலையரசனுக்குப் பொறுக்கவில்லை. தலைத்துண்டைக் கட்டினான். ஒன்று, இரண்டு, பதினொன்று. கடைசி மூட்டையோடு அவன் ஏறியபோது கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் அவனுக்குக் கேட்காமலே கறி வந்தது.

"அம்பயரு இப்படி வேலைக்காரங்க சோத்த தின்னலாமா?" என்றாள் எழில்மதி.

"அம்பயருக்கு ரூலு கெடையாது. ரூலே அம்பயருதான்."

அவன் இப்படிப் பேசினாலும் சட்டைப் பை தட்டையாகிவிட்டதை அவள் கவனித்தாள். முந்தின நாள் ராத்திரி பக்கத்து ஊரான கரியாலூர் ஆட்களோடு சீட்டாட உட்கார்ந்திருந்தான். கேட்டால் "பழகறதுக்கு" என்றான்.

புதன்கிழமை காலை பெண்கள் பாயை விரித்து, தேய்ப்புப் பெட்டியைச் சூடாக்கி, பெரிய அத்தை பெரியநாயகி தலைமையில் சுற்றி உட்கார்ந்தார்கள். பூமாலை முகூர்த்தச் சேலையை எடுத்து வந்தாள். அரக்குக் கலர், பச்சை பார்டர். சேலைப் பெட்டியைத் திறந்ததும் எழில்மதியின் கை நின்றது.

ஜவுளிக்கடையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மடிப்பு. எழில்மதி மூலையைக் கட்டைவிரலால் ஒருமுறை உள்ளே தள்ளுவாள். இந்தச் சேலையில் மூலை உள்ளே தள்ளியிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. முந்தி வெளியே தெரியாமல் உள்பக்கம் போயிருந்தது. நெசவில் பழுதான சேலை வந்தால் சிவசங்கர் ஸ்டாக் ரூமுக்கு அனுப்புவார். அங்கே அதை இப்படி மடிப்பது எழில்மதி வேலை. நல்ல பாகம் மேலே, பழுது உள்ளே, நடுவில் அட்டை. காட்டுகிற பெண் பாதிதான் பிரித்துக் காட்டுவாள். முகூர்த்த நாள் கூட்டத்தில் போய்விடும். எங்கே போகிறது என்று எழில்மதி ஒருநாளும் யோசித்ததில்லை. வெள்ளிமலைக்குப் போயிருக்கிறது.

"ஒரு நிமிஷம்க்கா," என்று எழுந்து வெளியே வந்தாள். பலா மரத்தடியில் கலையரசன் பல் குத்திக்கொண்டிருந்தான். சொன்னாள்.

"எவ்ளோ பெரிய ஓட்ட?"

"ஓட்ட இல்ல. முந்தியில ஒரு சாணுக்கு ஜரிக ஓடல. எலி கொறிச்ச மாதிரி இருக்கும்."

"மடிப்புல மறைக்க முடியாதா?"

"முடியும். சின்னக் கொசுவமா வச்சா உள்ள போயிடும். தோளு மேல பின் போட்டா மணமேடையில ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப மூடிக்கினு மடி. இன்னும் நாலு நாளு இருக்குது. இத சொன்னா இன்னிக்கே அடிச்சித் தொரத்திடுவாங்க. சின்னசேலத்துக்குப் போயி பில்லு போட வேண்டியதுதான்."

அவள் அவனைப் பார்த்தாள். "நீ எந்தப் பக்கம்ணா?"

கலையரசன் குச்சியைத் தூக்கிப் போட்டான். "அம்பயரு எந்தப் பக்கமும் இல்ல," என்றான், ஆனால் சரியாக வரவில்லை.

திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தாள். தனுஷா முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழில்மதி பெட்டியின் சூட்டை விரலில் எச்சில் தொட்டுப் பார்த்தாள். முதல் கொசுவத்தைப் பிடித்தாள். விட்டாள். பிறகு முந்தியை முழுசாகப் பாயில் விரித்துப் போட்டாள்.

"அக்கா, இது டேமேஜ் சேல. தோ பாருங்க. தெரியாத மாதிரி மடிச்சி வச்சதே நான்தான்."

பாயைச் சுற்றி இருந்தவர்கள் குனிந்து முந்தியைப் பார்த்தார்கள். தனுஷாவின் உதடு மெல்லக் கோணியது.

"நீயேவா?" என்றாள் பூமாலை.

"நானேதான்க்கா."

"எங்க வூட்டு சோத்த ரெண்டு நாளா தின்னுப்புட்டு!"

"அதனாலதான்க்கா சொல்றன்."

பூமாலை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியநாயகி அத்தை வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றி, அவளைக் கையமர்த்தினாள்.

"கத்தாத. நாளைக்குப் போயி மாத்திக்கினு வந்துடலாம்."

"மாத்தமாட்டாங்க அத்த," என்றாள் எழில்மதி. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு பெரிய போர்டே இருக்குது. நானே எத்தனையோ பேருக்கு அத காட்டி அனுப்பி இருக்கறன்."

"நாங்க படிக்கத் தெரியாதவங்கன்னு சொல்லிக்கறோம். எத்தன பேரு வர்றீங்க?"

பதினோரு பேர் கையைத் தூக்கினார்கள். தூக்காமல் என்ன? பஸ்ஸுக்குக் காசு இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மலையை விட்டு இறங்கி ஊர் பார்க்க இதைவிட நல்ல காரணம் யாருக்கும் கிடைக்காது.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவர்கள் இறங்கினார்கள். கண்டக்டர் பன்னிரண்டு ஃப்ரீ டிக்கெட்டைக் கிழித்துக் கை வலிக்கிறது என்றார். ஆண்களுக்குக் காசு என்பதால் ஆண்கள் யாரும் வரவில்லை. கல்யாண வீட்டு அடுப்பு அன்றைக்குக் கலையரசன் கையில் இருந்தது.

கடை வாசலில் பூமாலை எழில்மதியை நிறுத்தினாள். "நீ கீழயே இரு. ஒன் வேலைக்கு கேடு."

எழில்மதி பூக்கடைப் பக்கமாக நின்றுகொண்டாள். முகூர்த்த நாளுக்கு முதல் நாள். கூட்டம் மாடிப்படி வரைக்கும் வழிந்தது. கால் மணி நேரம் ஆனது. மனசு கேட்கவில்லை. படியேறித் தூண் ஓரமாக ஒளிந்து பார்த்தாள்.

வெள்ளை மெத்தையில் பதினோரு பெண்களும் வரிசையாகச் சம்மணம் போட்டிருந்தார்கள். எதிரே சிவசங்கர், டையை இழுத்துவிட்டபடி.

"அம்மா, பில்லுல பாருங்க, போர்டுல பாருங்க. மாத்த முடியாது."

"நாங்க மாத்தச் சொல்லலயே," என்றாள் பெரியநாயகி. "புதுசு காட்டு. எடுக்கறோம். புடிச்சிருந்தா எடுக்கறோம்."

காட்டினார்கள். அரக்கு, மாம்பழம், வாடாமல்லி, கிளிப்பச்சை. "இன்னும் கொஞ்சம் டார்க்கா." "இன்னும் கொஞ்சம் லைட்டா." "இதே கலர்ல பார்டர் மட்டும் வேற." "அந்த ரேக்குல மேல இருக்குதே, அதுக்கு பின்னால." மெத்தையில் சேலை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மற்ற வாடிக்கையாளர்கள் உட்கார இடமில்லாமல் என்ன விஷயம் என்று கேட்டார்கள். பூமாலை ஒவ்வொருவருக்கும் முந்தியை விரித்துக் காட்டி, கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு குடும்பங்கள் தாங்கள் எடுத்து வைத்த சேலையைப் பிரித்து முந்தியைத் தேட ஆரம்பித்தன.

சிவசங்கரின் நெற்றி மினுமினுத்தது. "அம்மா, மொதலாளி ஊர்ல இல்ல. நாளைக்கு வாங்க."

"நாளைக்குக் கல்யாணம். நாளான்னிக்கு வர்றோம். இன்னும் பத்து பேர கூட்டிக்கினு வர்றோம்," என்றாள் பெரியநாயகி. "அதுக்கு அடுத்த நாளும் வர்றோம். எங்களுக்கு இன்னா? பஸ்ஸுக்கு காசா, பணமா?"

சிவசங்கர் வாழ்நாளில் பல மிரட்டல்களைப் பார்த்தவர். ஆனால் செலவே இல்லாத மிரட்டலை அன்றைக்குத்தான் பார்த்தார். தினமும் இருபது பேர், ஃப்ரீயாக வந்து, ஃப்ரீயாகத் தண்ணீர் குடித்து, மெத்தையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கடை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்.

"சரிம்மா. ஒங்களுக்காக ஒரே ஒரு தடவ," என்று ஸ்டாக் ரூமுக்குப் போய் ஒரு சேலையோடு வந்தார். அதே அரக்கு, இதைவிட அடர்த்தி ஜரிகை. பெண்கள் "அய்" என்றார்கள். தனுஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூமாலை வாங்கக் கையை நீட்டினாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து எழில்மதிக்கு மூலை தெரிந்தது. கட்டைவிரலால் உள்ளே தள்ளிய மூலை.

அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சேலை மலைக்குப் போயிருக்கும். அவள்தான் அதை மடித்திருப்பாள். கிளையில் சீட்டு காத்திருந்திருக்கும். போவதும் போகாததும் அவள் இஷ்டமாக இருந்திருக்கும். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் அவள் மெத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அது வேணாம்க்கா. அதுவும் என் மடிப்புதான்."

சிவசங்கர் திரும்பினார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது, சொந்தக் கைக்கடிகாரம் எழுந்து நின்று பேசின மாதிரி. ரேக்குக்குப் பின்னால் நின்ற கடைப் பெண்கள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எழில்மதியே ரேக்குக்குள் நுழைந்து, மூன்றாவது தட்டிலிருந்து ஒரு சேலையை இழுத்து, ஒரு முனையிலிருந்து முந்தி வரை விரித்து, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூமாலை மடியில் வைத்தாள். "இது சுத்தம்."

சிவசங்கர் அதைப் பில்லில் மாற்றி எழுதினார். பேனாவை மூடிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்: "திங்கக்கெழம நீ வரவேணாம். சின்னசேலமும் இல்ல, இங்கயும் இல்ல."

"தெரியும் சார்."

"அந்த மடிப்ப ஒன்ன மாதிரி எவளும் மடிக்கமாட்டா," என்று வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்.

பஸ்ஸில் மலையேறும்போது பதினோரு பெண்களும் பாட்டு, கைதட்டல், ஒரே ஆரவாரம். எழில்மதி மட்டும் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். அவ்வளவு நாளும் திரும்பி வர ஒரு இடம் இருந்தது, பிடிக்காவிட்டாலும் இருந்தது. இப்போது இல்லை. ஒத்திகையில் தோற்றால்கூட அவளுக்குத் தண்டனை கொடுக்க அம்மாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. பெரியநாயகி அத்தை ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் வாயருகே நீட்டி, "தின்னு. அப்பால அழுவலாம்," என்றாள்.

மேலே போனால் கலையரசன் வடித்த சோறு களியாகியிருந்தது. பசியில் எல்லோரும் தின்றார்கள். அவனுக்கு அது ஜெயித்த மாதிரி.

வெள்ளிக்கிழமை கல்யாணம். விடிவதற்குள் இருபத்திமூன்று சேலை மடித்தாள். மணமேடையில் தனுஷாவின் கொசுவம் அட்டை வைத்த மாதிரி நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைவிட எழில்மதியைத் தேடி அலைந்ததுதான் ஜாஸ்தி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரி ஒருத்திக்கு அடுத்த புதன் வளைகாப்பு. அவள் நாத்தனாருக்கு அதற்கடுத்த வாரம் வீடு குடிபோவது. "எப்படி வருவ?" என்று கேட்டார்கள். எழில்மதி தோள்பையிலிருந்து ஆறாவது அட்டையை எடுத்தாள். பூமாலை தாம்பூலத் தட்டில் ஐந்நூறு ரூபாயை வைத்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பிடிவாதமாகக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் இருவரும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சாலம்மாள் மகனைத்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடா அம்பயரு? கை நீட்டினாளா?"

"இல்லம்மா. சோறுகூட வேல செஞ்சிதான் தின்னா."

"அப்ப ஏன் மொகத்த தொங்கப் போட்டுக்கினு நிக்கற?"

கலையரசன் செருப்பைக் கழற்றுவதில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். "நான்தான் நீட்டனன். பஸ்ஸு காசு இல்ல. இவதான் டிக்கெட்டு எடுத்தா."

சாலம்மாள் சிரிப்பை விழுங்குவது தொண்டையில் தெரிந்தது. பிறகு மகளிடம் திரும்பினாள். "சரி. சிவசங்கருக்கு இன்னா பதிலு சொல்லப்போற?"

எழில்மதி நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்போது சாலம்மாள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சின்னசேலம் போச்சா?"

"போச்சும்மா."

"இங்க இருந்தது?"

"அதுவும்."

"ஒரு வாரம் வுட்டதுக்கு ரெண்டு வேலயத் தொலச்சிட்டு வந்திருக்கற. ஒரு வருஷம் வுட்டா ஜில்லாவுல ஒருத்தருக்கும் வேல இருக்காது போலயே!"

"மாசம் மூணாயிரம் போன்ல போட்டுவுடறன்மா. சேல மடிச்சா அது வரும்."

"அஞ்சி வந்துனு இருந்தது."

"மிச்சம் ரெண்ட நான் தர்றன்," என்றான் கலையரசன். இரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்ததும், "சோளம் வந்துடும் இல்ல," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "அவ பொய் சொல்லி மடிச்சிருந்தா ஒரு கஷ்டமும் இல்லம்மா. ஏழு நாளும் சுகமா போயிருக்கும். நானே சொன்னன். கேக்கல."

சாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒரு வருஷமெல்லாம் ஜாஸ்தி. ஆறு மாசம்."

"பத்து மாசம்."

"பொங்கலுக்கு வரணும்."

"பொங்கலுக்கு வர்றன். அப்பால மறுபடி போவன்."

"மழ வந்தா எங்க ஒதுங்குவ?"

எழில்மதிக்கு இந்தக் கேள்வியைக் கேட்டதும் உடம்பு லேசானது. கடையில் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறவர்கள் எந்த நிமிஷமும் எழுந்து போகலாம். சாயம் போகுமா, எப்படித் துவைக்கணும் என்று கேட்க ஆரம்பித்தவர்கள் வெறுங்கையோடு படியிறங்கி அவள் பார்த்ததில்லை.

"பஸ்ஸுலயே ஒக்காந்துக்கறன்மா. காசா கேக்கப்போறாங்க?"

"துணி எங்க தொவப்ப?"

"போற எடத்துல கொழா இல்லாமயா இருக்கும்?"

"தண்ணி மாறினா ஒனக்கு ஒடனே சளி புடிச்சிக்கும்," என்றபடி சாலம்மாள் எழுந்து உள்ளே போனாள். பரண்மேல் சட்டி பானைகள் நகர்கிற சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் தூசி தட்டிக்கொண்டே, எப்போதோ துணிக்கு என்று வாங்கி வைத்த பெரிய பையோடு வெளியே வந்து, மகள் மடியில் போட்டாள்.

"ஜிப்பு போயிருக்குது. செவ்வாக்கெழமைக்குள்ள தெச்சி வாங்கிடு. புதன்கெழம இல்ல வளகாப்பு?"